கண்டியில் கெமராவோடு நடந்தபோது சந்தித்த மனிதர்கள்

கண்டியில் படம் எடுக்க வருகிறவர்களுக்கு முதலில் வெளிச்சத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்துக்குள் நகரம் இருக்கிறது. விடிந்து வெகு நேரமான பிறகுதான் வாவிக்கரையில் வெயில் விழும். நான் மட்டக்களப்புக்காரன். எங்கள் பக்கத்தில் சூரியன் கடலை விட்டு எழும்பினால் சரி, அப்போதே கண் கூசும்; முகத்தைப் படம் எடுத்தால் மூக்குக்குக் கீழே கறுப்பு நிழல் விழுந்துவிடும். இங்கே காலை ஆறரையிலிருந்து எட்டு மணி வரை நிழலே இல்லாத மெதுவான வெளிச்சம். மனிதர்களின் முகத்தை எடுக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. பனிமூட்டம் இருந்தால் கெமரா அதை நம்பிப் படத்தை இருட்டாக்கிவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டொப் கூட்டி வையுங்கள், போதும்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கிறேன். முதல் வருடம் முழுக்கக் கண்டி எனக்கு பஸ் மாறும் இடமாகத்தான் இருந்தது. குட்ஷெட்டில் இறங்குவது, இன்னொரு பஸ் பிடித்து கலஹா சந்திக்குப் போவது, லீவு வந்தால் அதே வழியால் ஊருக்குத் திரும்புவது. பிறகு மஹாபொல புலமைப்பரிசில் காசைச் சேர்த்து, படிப்பு முடித்துப் போன ஒரு அண்ணனிடம் பழைய கெனான் ஒன்றை வாங்கினேன். கூடவே 50 எம்.எம். லென்ஸ் ஒன்று. அதில் ஸூம் கிடையாது. ஒருவருடைய முகம் வேண்டுமென்றால் அவருக்குக் கிட்டப் போய் நிற்க வேண்டும். கிட்டப் போன பிறகு கதைக்காமல் இருக்க முடியாது. இந்த நகரத்தில் எனக்குக் கிடைத்த பழக்கங்கள் எல்லாம் அந்த லென்ஸால் வந்தவை.

கண்டியில் கதைப்பதென்றால் சிங்களமும் வேண்டும். ‘ஃபொட்டோ எகக் கன்னத?’ என்று கேட்க அறை நண்பன் சொல்லித் தந்தான். அந்த ஒரு வரியைச் சரியாகச் சொன்னால் எதிரே இருப்பவர் அடுத்துக் கேட்பது எப்போதும் ஊரைப் பற்றித்தான். ‘மடக்களப்புவ’ என்று நான் சொன்னதும் பாதிப் பேர் கடலைப் பற்றிக் கேட்பார்கள், மீதிப் பேர் வெயிலைப் பற்றிக் கேட்பார்கள். அப்புறம் கெமரா ஒரு பக்கம் கிடக்கும், கதை ஓடும்.

வாவியைச் சுற்றி மூன்று கிலோமீட்டருக்கு மேல் பாதை இருக்கிறது. காலையில் நகரத்தின் எல்லாவிதமான ஆட்களும் அங்கே நடப்பார்கள். வாவியை 1807இல் வயல்களை மறித்துக் கட்டியவர் கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். மதுரை நாயக்கர் வழியில் வந்தவர், இயற்பெயர் கண்ணுச்சாமி. 1815 மார்ச் 2ஆம் தேதி கண்டிப் பிரதானிகள் ஆங்கிலேயருடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதற்கு முன்பே பிடிபட்டிருந்த மன்னரை வேலூருக்கு அனுப்பினார்கள்; 1832இல் அங்கேயே இறந்தார். அவர் கட்டத் தொடங்கிய முகில் மதில் இன்றும் கரையோரத்தில் வளைந்து வளைந்து போகிறது. அவர் நினைத்த அளவுக்கு அது கட்டி முடியவில்லை.

அந்த மதிலடியில்தான் ஓய்வுபெற்ற சிங்களக் கணித ஆசிரியர் ஒருவர் பழக்கமானார். நான் எல்லாரையும் போல, புத்தரின் புனிதப் பல் இருக்கும் தலதா மாளிகையும் அதன் நிழலும் தண்ணீரில் சேர்ந்து தெரிகிற இடத்தில் நின்று எடுத்துக்கொண்டிருந்தேன். ‘புத்தே (மகனே), அதை எல்லாரும் எடுக்கிறார்கள், இங்கே வா’ என்று கூட்டிப் போனார். மதிலில் வரிசையாக இருக்கும் முக்கோணத் துளைகளைக் காட்டி, திருவிழாக் காலத்தில் எண்ணெய் விளக்கு வைப்பதற்காக விட்டவை என்றார். பிறகு மதில் எந்த இடத்தில் நின்றுபோகிறதோ அந்த இடத்துக்குக் கூட்டிப் போய், ‘இதை எடு’ என்றார். அங்கே பார்க்கும்படியாக எதுவும் இல்லை. முகில் வளைவு முடிகிறது, அதற்குப் பிறகு வெறும் கரை. ஆனால் ஒரு அரசு எந்த இடத்தில் நின்றுபோனது என்று கையால் தொட்டுக் காட்டக்கூடிய இடம் அது. நான் அந்த விளிம்பை எடுத்தேன். அவரையும் எடுக்கவா என்று கேட்டேன். தன் மனைவி இறந்த பிறகு படம் எடுத்துக்கொள்வதில்லை என்று சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினார். இப்போதும் காலையில் காண்பேன். கெமராவைத் தோளில் தொங்கவிட்டபடியே கொஞ்சத் தூரம் கூட நடப்பேன்.

வாவிக்கரை மரங்களில் கொக்கும் நீர்க்காகமும் நிறைய. அவற்றின் கீழே நடக்கும்போது கெமராவுக்கு மேலே ஒரு துணியைப் போட்டுக்கொள்ளுங்கள், அதற்கான காரணம் அங்கே தரையைப் பார்த்தாலே விளங்கும். கபரகொய்யாக்கள், அதாவது பெரிய நீர் உடும்புகள், கரையில் படுத்திருக்கும், மனிதர்களுக்குப் பயப்படாது. அவற்றை எடுக்க லென்ஸை நிலத்தோடு வைத்தால் நல்ல படம் வரும்.

பஸ் நிலையப் பக்கத்தில் இருக்கும் மணிக்கூட்டுக் கோபுரத்தைத் தினமும் கடந்து போகிறவர்கள் அதைப் பற்றிக் கேட்பதில்லை. எனக்கு அதைச் சொன்னவர் கீழே பழம் விற்கும் முஸ்லிம் பெரியவர். ‘அது ஒரு வாப்பா தன்ட மகனுக்குக் கட்டினது, மகன்’ என்றார். உண்மைதான். விபத்தில் இறந்துபோன தன் மகன் முகமது ஸக்கியின் நினைவாக ஹாஜி முகமது இஸ்மாயில் என்பவர் கட்டிக் கொடுத்த கோபுரம் அது, 1950இல் திறந்தார்கள். வடிவமைத்தவர் ஷேர்லி டி அல்விஸ். நான் தினமும் படிக்கப் போகும் பேராதனைக் கட்டடங்களுக்கும் அவர்தான் கட்டடக் கலைஞர். இதைத் தெரிந்துகொண்ட பிறகு கோபுரத்தின் உச்சியையும் செனட் கட்டடத்தின் கூரையையும் ஒரே நாளில் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே கைதான். பழக்காரர் தன் கடையைப் படம் எடுக்க விட்டார், தன்னை விடவில்லை. மார்க்கத்துக்காகவா என்று கேட்டேன். இல்லை, சவரம் செய்யவில்லை என்றார்.

பத்தினி தேவாலயத்தைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன். மட்டக்களப்பில் பிறந்தவனுக்கு அது வேறு மாதிரி இடம். கண்டியில் நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி என்று நான்கு தேவாலயங்கள் உண்டு. எசல பெரஹரா என்ற வருடாந்தத் திருவிழாவில் மாளிகையின் ஊர்வலத்துக்குப் பின்னால் இந்த நான்கின் ஊர்வலங்களும் வரும். பத்தினி என்பது எங்கள் கண்ணகி. எங்கள் ஊர்களில் கண்ணகி அம்மன் கோயில்களை வைகாசியில் திறப்பார்கள். சில நாள் சடங்கு நடக்கும், கடைசியில் குளிர்த்தி பாடி அம்மனைக் குளிர்விப்பார்கள். செட்டிபாளையத்துக் குளிர்த்திக்கு அம்மாவின் தோளில் ஏறிப் போன காலத்திலிருந்தே எனக்குக் கண்ணகி என்றால் வேப்பிலை மணமும் பெண்களின் குரவையும்தான். தாய்வீட்டுத் தெய்வம் மலைநாட்டின் நடுவில், மாளிகையின் எதிரே, வெள்ளைச் சேலை கட்டிய சிங்களப் பெண்களின் கூட்டத்துக்கு நடுவில் இருக்கிறது என்பதைக் கண்ணால் கண்டபோது நான் கெமராவைப் பைக்குள் வைத்துவிட்டேன். உள்ளே எடுக்கவே இல்லை, இன்றுவரை.

வெளியே வந்தபோது ஒரு பாட்டி, அவருடைய மகள், மகளின் கையில் குழந்தை. குழந்தையின் முகத்தில் அம்மைத் தழும்பு காயும் நிலையில் இருந்தது. பாட்டியிடம் என் ஒரு வரிச் சிங்களத்தைச் சொன்னேன். வழக்கம்போல ஊரைக் கேட்டார். சொன்னேன். நீங்கள் தமிழ் ஆட்கள், பத்தினி தெய்யோவிடம் ஏன் வந்தாய் என்று கேட்டார். கேட்டதில் குத்தல் இல்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசைதான். என் சிங்களம் அந்த இடத்தில் தீர்ந்துபோனது. பக்கத்தில் பூ விற்ற பெண்ணுக்கு இரண்டு மொழியும் தெரியும். அவர் வாயிலாக, எங்கள் ஊரிலும் இதே அம்மன் இருக்கிறார், அங்கேயும் அம்மை வந்தால் அவரிடம்தான் நேர்ச்சை வைப்போம் என்று சொன்னேன். பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைக்குச் சுகமானதும் ஏழு தாய்மாரைக் கூப்பிட்டுக் கிரி அம்மா தானம் கொடுக்கப் போகிறோம், அன்றைக்கு நீயும் வீட்டுக்கு வா என்றார். வீடு தென்னக்கும்புர பக்கம். மூன்று தலைமுறையையும் வாசலில் நிறுத்தி எடுத்தேன். அன்றிரவு அம்மாவிடம் போனில் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, ‘பூ வெச்சியா மகன்?’

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் முழுக் கதையும் பொய்யாகிவிடும். மாளிகையின் மீது 1998 ஜனவரியில் குண்டுத் தாக்குதல் நடந்தது. அந்தப் பகுதியில் சோதனை இருப்பதில் எனக்குக் குறை இல்லை. பையைத் திறந்து காட்டிவிட்டுப் போவேன். ஆனால் வேறொரு அரச கட்டடத்துக்கு எதிரே, பொது நடைபாதையில் நின்று மழை பெய்வதை எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு காவலர் அடையாள அட்டையைக் கேட்டார். பெயரைப் பார்த்தார். பிறகு கெமராவில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். யாருக்கோ போன் எடுத்தார். அரை மணி நேரத்துக்கு மேல் நிறுத்தி வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அட்டையைத் திருப்பித் தந்தார். என் அறை நண்பன் சிங்களவன். அதே இடத்தில் என் கெமராவாலேயே நிறையப் படம் எடுத்திருக்கிறான், அவனை யாரும் ஒன்றும் கேட்டதில்லை. அவனுக்கு என்னைவிடக் கோபம் வந்தது. கம்பஸ் அட்டையைக் கழுத்தில் வெளியே தெரியத் தொங்கவிடு என்பது மூத்தவர்கள் தரும் புத்திமதி. செய்கிறேன். ஆனாலும் அது எனக்குச் சரியென்று படவில்லை.

ஹந்தானை மலைக்கு இரண்டு வழியாலும் ஏறலாம், கம்பஸ் பக்கத்தாலும் நகரத்தாலும். நகரத்திலிருந்து போனால் தேயிலை அருங்காட்சியகம் வரும். 1925இல் கட்டிய பழைய தேயிலைத் தொழிற்சாலை அது. கொழுந்தை வாட்டுவது, உருட்டுவது, காய வைப்பது எல்லாவற்றுக்குமான பழைய இயந்திரங்கள் உள்ளே நிற்கின்றன. சன்னல் வெளிச்சத்தில் இரும்பை எடுக்க ஆசையுள்ளவர்களுக்கு நல்ல இடம். நான் அங்கே அதிக நேரம் நிற்பதில்லை. எனக்கு வேண்டியது அதற்கு மேலே, மலையில் இருக்கிறது.

ஒருநாள் கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்தில் பெண்கள் நிறுவைக்காகக் காத்திருந்தார்கள். இடுப்பில் படங்குச் சாக்கு, தலையில் கூடைக்கயிறு. காலையிலிருந்து தூறலில் நனைந்தவர்கள். நான் கெமராவை எடுத்ததும் இரண்டு பேர் தாமாகவே கூடையைச் சரிசெய்து, ஒரு கையைக் கொழுந்துச் செடிமேல் வைத்து, சிரித்து நின்றார்கள். அப்படி நிற்க யாரும் சொல்லவில்லை. வந்து போனவர்கள் எல்லாரும் அப்படியே கேட்டு வாங்கியதால் உடம்பு அதைப் பழகிவிட்டது. எனக்கு மனம் கேட்கவில்லை. ‘அக்கா, நீங்க இருந்தபடியே இருங்க, நான் படத்துக்கு வரல்ல, சும்மா கதைப்பம்’ என்றேன். என் மட்டக்களப்புப் பேச்சைக் கேட்டு அவர்களுக்குச் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகுதான் உண்மையாகச் சிரித்தார்கள்.

அவர்களில் மூத்தவர் கேட்டார். ‘எத்தனயோ பேரு எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க தம்பி. வெள்ளக்காரங்க, கொழும்புக்காரங்க, டிவிக்காரங்க. நம்ம கையில ஒண்ணு வந்ததில்ல. நீங்க எடுத்தா எங்க போடுவீங்க?’

கம்பஸில் ஒரு கண்காட்சியில் வைப்பேன் என்று சொன்னேன். ‘அது சரி, எனக்கு?’ என்றார். அவரிடம் இருந்த ஒரே படம் அடையாள அட்டையில் இருப்பது. கலியாணத்தின்போது எடுத்த படம் லயத்துக் கூரை, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டுக் கூரை, ஒழுகிக் கரைந்துபோனதாம். அங்கேயே வைத்து அவரை எடுத்தேன், கூடையை இறக்கி வைத்துவிட்டு, தலையில் போட்டிருந்த கொங்காணியைக் கழற்றித் தலையைத் தடவி விட்டுக்கொண்டு, நேராகப் பார்த்தபடி. அடுத்த கிழமையே பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றுமே சொல்லவில்லை. இடுப்புச் சாக்குக்குள் வைத்தால் நனையும் என்று, மடுவத்தில் நின்ற கணக்குப்பிள்ளையிடம் ஒரு பிளாஸ்டிக் உறை கேட்டு வாங்கி, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். அன்று முதல் நான் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். யாரை எடுத்தேன், பெயர் என்ன, எந்த லயம், எத்தனை பிரிண்ட் கொடுக்க வேண்டும் என்று எழுதி வைப்பேன். பிரிண்ட் கொடுத்ததும் ஒரு கோடு போடுவேன். கோடு போடாத பெயர் இருக்கும்வரை புதிய இடத்துக்குப் போவதில்லை.

இந்த இடத்தில் ஜூலியா மார்கரெட் கமரனைப் பற்றி இரண்டு வார்த்தை. புகைப்பட வரலாற்றில் பெரிய பெயர். இங்கிலாந்திலிருந்து 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாவில் இறந்தவர். பொகவந்தலாவையில் புனித மரியாள் தேவாலய வளவில் அவருடைய கல்லறை இருக்கிறது. ஹட்டனில் இருக்கும் நண்பன் ஒருவன் கூட்டிப் போய்க் காட்டினான். இங்கே இருந்த காலத்தில் அவர் தோட்டத்து ஆட்களையும் ஊர் ஆட்களையும் எடுத்த சில படங்கள் மிஞ்சியிருக்கின்றன. அந்த முகங்களை மறக்க முடியாது. அவ்வளவு மரியாதையோடு வெளிச்சத்தைக் கையாண்டிருக்கிறார். ஆனால் பெரும்பாலான படங்களில் இருப்பவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. இங்கிலாந்தில் அவர் எடுத்த பிரபுக்களுக்கும் கவிஞர்களுக்கும் பெயர் இருக்கிறது. இவர்கள் நம்முடைய பாட்டன் பூட்டிகள். யார் வீட்டு ஆட்கள் என்று கண்டுபிடிக்க இனி வழி இல்லை. அந்தக் கல்லறையடியில் நின்றபோது எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, ஆனால் என் கொப்பியில் தகப்பன் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும் என்று அங்கேதான் முடிவு செய்தேன்.

மகியாவைக்கு நான் போனதும் இப்படி ஒருவரால்தான். நகரத்தைக் கூட்டித் துப்புரவாக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழும் இடம் அது. கண்டிக்குப் படம் எடுக்க வருகிறவர்களில் மகியாவைக்குப் போகிறவர்களை நான் கண்டதில்லை. ஆனால் அதிகாலை ஐந்து மணிக்குத் தலதா வீதியில் இறங்கினால் முதலில் காண்பது அங்கிருந்து வந்தவர்களைத்தான். கடைகள் எல்லாம் மூடிக் கிடக்கும். ஈர்க்கு விளக்குமாறு தரையில் உரசும் சத்தம் மட்டும் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும். நீங்கள் இணையத்தில் பார்க்கிற சுத்தமான கண்டிக் காலைப் படங்கள் எல்லாம் இவர்கள் கூட்டி முடித்த பிறகு எடுத்தவை.

யாழ்ப்பாணப் பக்கத்து ஆளா என்று கேட்டார் அங்கே கூட்டிக்கொண்டிருந்த ஒரு அக்கா. மட்டக்களப்பு என்றேன். எடுக்கலாமா என்று கேட்டேன். ‘வேணாம் தம்பி, வெளக்குமாத்தோட வேணாம். இந்த உடுப்போட எடுத்தா புள்ளைங்க சங்கடப்படும். ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாங்க. சீல கட்டிக்கிட்டு நிக்கிறேன், அப்ப எடுங்க’ என்றார். புகைப்படம் படிக்கிறவர்கள் சிலர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். தெருவில் வேலை செய்யும்போது எடுத்தால்தான் உண்மை, வீட்டில் சேலை கட்டி நிற்பது வெறும் ஸ்டூடியோப் படம் என்பார்கள். நான் ஒத்துப்போவதில்லை. ஊரே தன்னை விளக்குமாற்றோடு மட்டும் பார்க்கிறது என்று தெரிந்த ஒரு பெண், தன்னை எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் அதுதான் அவருடைய உண்மை.

ஞாயிற்றுக்கிழமை போனேன். சிறிய வீடுகள், ஒன்றோடொன்று ஒட்டியபடி. நிற்க வைக்க இடம் இல்லாததால் ஓர் ஒழுங்கையின் முடிவில், நீலச் சுவர் ஒன்றின் முன்னே நாற்காலி போட்டோம். அக்கா தீபாவளிச் சேலையில் வந்தார், பிள்ளைகள் இரண்டு பேரும் பாடசாலைச் சீருடையில். சீருடை எதற்கு என்று கேட்டேன். மூத்தவள் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுதுகிறாள், குடும்பத்தில் இவ்வளவு தூரம் படித்தவள் அவள்தான், அது படத்தில் தெரிய வேண்டும் என்றார். கணவர் கடைசி நேரத்தில் முகம் கழுவிக்கொண்டு வந்து சேர்ந்தார். மகள் மட்டும் என்னிடம் தனியாக வந்து, ‘அண்ணா, கொஞ்சம் வெள்ளையாக்கித் தருவீங்களா?’ என்று கேட்டாள்.

பிரிண்ட் போடப் போனால் ஸ்டூடியோவிலும் அதே கேள்விதான். கண்டியில் நான் வழக்கமாகப் போகும் இடத்தில் ஒரு வயதான தொழிலாளி இருக்கிறார். ஃபிலிம் காலத்தில் நெகட்டிவில் பென்சிலால் ரீடச் செய்து பழகியவர். இப்போது கம்பியூட்டரில் முகத்தை வெளுக்க வைப்பது ஒரு தட்டு வேலைதான், ஆட்கள் கேட்பதால் எல்லாருக்கும் செய்துவிடுவோம் என்றார். இந்தப் படத்துக்கு வேண்டாம் என்றேன். பக்கத்தில் கூட்டி உட்கார வைத்து, நிறத்தை மாற்றாமல் கன்னத்திலும் நெற்றியிலும் வெளிச்சத்தை மட்டும் எப்படித் தூக்குவது என்று காட்டித் தந்தார். கறுத்த தோலில் ஒளி நன்றாக நிற்கும், அதைக் கெடுக்கிறோமே என்று அவருக்கு உள்ளுக்குள் கவலை இருந்திருக்கிறது. ஒரு பிற்பகல் முழுக்க எனக்குக் கற்றுத் தந்தார். அன்று நான் கற்றது எந்த யூடியூப் பாடத்திலும் கிடைத்ததில்லை. படத்தைப் பார்த்த மகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். ‘இது நான்தான்’ என்றாள். அவளுக்குப் பிடித்ததா இல்லையா என்று எனக்கு இன்னும் நிச்சயமாகத் தெரியாது. தாய்க்குப் பிடித்தது. அதைச் சட்டம் போட்டு, சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள்.

மகியாவை மயானத்தில் ஜேம்ஸ் டெய்லரின் கல்லறை இருக்கிறது. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டவர், இலங்கைத் தேயிலையின் முன்னோடி என்று எல்லாருக்கும் தெரிந்தவர். 1892 மே 2ஆம் தேதி இறந்தபோது தோட்டத்து ஆட்கள் அவருடைய பெட்டியைத் தோளில் சுமந்து, முறை மாறி மாறிக் கண்டி வரை கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். மலைப் பாதையில் நீண்ட தூரம் அது. கல்லில் டெய்லருடைய பெயர், தோட்டத்தின் பெயர், வயது எல்லாம் தெளிவாக இருக்கிறது. அக்காவின் மகன், சீருடை போட்டு நின்ற சின்னவன், என்னைக் கூட்டிப் போய்க் காட்டினான். ‘தூக்கிட்டு வந்தவங்கள எங்கண்ணா பொதச்சாங்க?’ என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. இந்த மலைநாட்டில் கோப்பிக் காலம் தொட்டு மன்னாரிலிருந்து காட்டு வழியால் நடந்து வந்தவர்களில் பாதை ஓரத்திலேயே விழுந்துபோனவர்கள் எத்தனையோ பேர். 1869இல் கோப்பியில் இலைத் துரு நோய் வந்து, பயிர் தேயிலைக்கு மாறியபோதும் நிரை பிடித்து நின்றவர்கள் அவர்கள்தான். அவனுக்கு இதை எல்லாம் கல்லறையைச் சுற்றி நடந்தபடி சொன்னேன். கவனமாகக் கேட்டான். பிறகு கெமராவை வாங்கி, என்னை அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தி ஒரு படம் எடுத்தான். தலை கொஞ்சம் வெட்டுப்பட்டிருக்கிறது, ஆனால் ஃபோகஸ் சரியாக விழுந்திருந்தது. இப்போது ஞாயிறுகளில் அவன்தான் எனக்கு உதவியாள். கொப்பியில் பெயர்களை எழுதுவது அவன் பொறுப்பு. பிழை இல்லாமல் எழுதுகிறான். பெயரைச் சொல்ல வெட்கப்படும் பாட்டிமாரிடம் விடாமல் கேட்டு வாங்குவான்.

நடைமுறைக் கேள்விகளும் வரும் என்பதால் சிலதைச் சொல்லிவிடுகிறேன். ஒக்டோபர், நவம்பரில் பிற்பகலில் இடியோடு மழை வரும். காலை நடையை மதியத்துக்கு முன் முடித்துவிடுங்கள். மலைநாட்டு ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் புகாத பெட்டி ஒன்றில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். பை ஈரமானதும் மாற்றுங்கள். தோட்டத்துக்குள் போகிறீர்கள் என்றால் நேரே மலைக்குப் போகாமல் முதலில் லயத்துப் பக்கம் போய் யாராவது ஒரு பெரியவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பிள்ளைகளை எடுப்பதானால் தாயிடமோ தகப்பனிடமோ கேட்டுவிட்டு எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்று சொல்லித் தப்பாதீர்கள். போன் உடைந்தால் படமும் போய்விடும். கடதாசியில் இருந்தால் பேரப்பிள்ளை வரை போகும்.

கொப்பியில் இப்போது கோடு போடாத பெயர்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. ஒழுங்கையில் ஒரு குடும்பத்தை எடுத்ததைப் பார்த்து மற்ற வீட்டுக்காரர்களும் கேட்டிருக்கிறார்கள். தைப்பொங்கலுக்கு முதல் எல்லாருக்கும் கொடுத்து முடிக்க வேண்டும் என்பது அக்காவின் கட்டளை. ஒரு ஞாயிறில் நானும் சின்னவனும் மட்டும் செய்து முடிக்கிற அளவு வேலை இல்லை இது. கண்டியிலோ பேராதனையிலோ இருப்பவர்கள், கெமரா இருந்தாலும் இல்லாவிட்டாலும், வரலாம். வெளிச்சத்தைத் திருப்பப் பெரிய வெள்ளைத் துணி பிடித்து நிற்க ஒரு ஆள் வேண்டும். கையில் தூக்கிப் போகக்கூடிய சின்ன பிரிண்டர் யாரிடமாவது இருந்தால் இரண்டு ஞாயிறுக்கு இரவல் தாருங்கள். கடதாசி, மைச் செலவு என்னுடையது. ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் வாசலில் நிற்பேன், அங்கிருந்து சேர்ந்து போகலாம்.